சரக்குக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை அடி?



கடைத்தெருவும் குடியிருப்பும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஊர்களில் ஓயாமல் எழும் ஒரு வழக்கைப் பற்றி இன்று பேசலாம். பழைய டயர், இரும்புத் துண்டு, எண்ணெய்ப் பீப்பாய், பலகை, காலிப் பெட்டி ஆகியவற்றைக் கடைக்காரர் வெட்டவெளியில் குவித்து வைக்கிறார். வேலிக்கு அப்பால் ஒரு குடும்பம் துணி காயப்போடுகிறது. யார் எவ்வளவு தள்ளிப் போவது? இதற்காகத்தான் நகராட்சிகள், இன்ன நிலம் வீட்டுக்கு, இன்ன நிலம் கடைக்கு, இன்ன நிலம் தொழிற்சாலைக்கு என்று வகுத்து வைக்கின்றன. இதை நிலப் பகுப்பு என்று சொல்லலாம்.

இது பட்டணத்துச் சங்கதி, தோட்டப்புறத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நெகிரி செம்பிலானைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. சிரம்பான், செனவாங், நீலாய், லாபு ஆகிய இடங்களில் எழுந்துள்ள தாமான்களிலும் தொழிற்பேட்டைகளிலும் பெரும்பகுதி ஒரு தலைமுறைக்கு முன்வரை பால்மரக் காடாக இருந்த நிலம். சரக்கு எங்கே, வீடு எங்கே என்ற கேள்வி அந்த மண்ணில் முதலில் எழுந்தது தோட்டக் காலத்தில்தான். அதற்கு அன்று விடை சொன்னவர் ஒரே ஒருவர். அவர் துரை.

பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேட்டில் துரையின் பங்களா. சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள். பள்ளத்தில், ஆற்றையோ ஓடையையோ ஒட்டி ஸ்டோர். பால் உறைய வைக்கவும் தகடுகளைக் கழுவவும் தண்ணீர் ஏராளமாக வேண்டும் ஆதலால் ஸ்டோர் தண்ணீரைத் தேடிப் போனது. அதன் பக்கத்தில் புகைவீடு. விடியுமுன் தொழிலாளர் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்பதால், ஸ்டோருக்கும் பெரட்டுக் களத்துக்கும் நடை தூரத்தில் லயங்கள். ரப்பர் தகட்டைப் புகையில் உலர்த்தும் இடத்தில் இரவு பகலாக விறகு எரியும். புகைவீடு தீப்பற்றிக்கொள்வது அரிதான செய்தி அன்று. ஆகவே புகைவீட்டுக்கும் மற்றக் கட்டடங்களுக்கும் நடுவே வெற்றிடம் விடும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த வெற்றிடம் முதலில் சரக்கைக் காப்பதற்காக விடப்பட்டது. லயத்துப் பிள்ளைகளின் மூச்சைக் கணக்கிட்டு அளந்த தூரம் அது என்று சொல்வதற்கில்லை. பங்களா மேட்டில் இருந்ததற்குக் காற்றும் ஒரு காரணம் என்பது தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மங்கில் தானே உறைந்துபோன கட்டிப்பால், பட்டையில் படிந்த ஒட்டுப்பால், மரத்தடியில் சிந்திய மண்பால் ஆகியவற்றை மூட்டையில் சேர்த்து ஸ்டோரின் ஓரத்தில் குவிப்பார்கள். பாலில் உள்ள புரதமும் பிற பொருள்களும் நுண்ணுயிர்களால் சிதைந்து, எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. தோட்டத்து நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். பழகிவிட்டால் தெரியாது என்பார்கள். விருந்தாளி வந்து மூக்கைப் பிடிக்கும்போதுதான் அது இருப்பது நினைவுக்கு வரும்.

துரைக்கு அடுத்தபடியாகத் தூரத்தை அளக்க வந்தவர் மருத்துவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாவால் தமிழ்த் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக மாண்டனர். நெகிரி செம்பிலானின் மலையடிவாரத் தோட்டங்கள் அதிலே மிகவும் அடிபட்டவை. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், கொசு பெருகும் சதுப்புகளை வடித்து அந்த ஊரையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் காப்பாற்றிப் பெயர் பெற்றவர். சமவெளியில் காட்டை வெட்டி வாய்க்கால் எடுத்தால் நோய் தணிந்தது. குன்றுகளில் நடந்தது வேறு. அங்கே காட்டை வெட்டி வெயில் பட விட்டதும், தெளிந்த ஓடை நீரில் வளரும் அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசு பெருகியது. நிலத்துக்கு அடியில் குழாய் பதித்து ஓடையை மறைக்க வேண்டியிருந்தது. ஸ்டோருக்கு வேண்டிய ஓடையும் லயத்தைக் கொன்ற ஓடையும் ஒன்றாக இருந்தன.

இதன் பயனாக ஒரு கருத்து நிலைபெற்றது. வீட்டின் நலம் வீட்டுக்குள் மட்டும் இல்லை, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதிலும் இருக்கிறது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1911இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்ட உரிமையாளர் வீடும் குடிநீரும் மருத்துவமும் தரவேண்டிய கடமையை வகுத்தது. 1926இல் தோட்டச் சுகாதார வாரியங்களுக்கான சட்டமும் வந்தது. செலவைக் காட்டித் தோட்டத் தரப்பினர் அதை எதிர்த்தனர், நெடுநாள் அது நிலைக்கவும் இல்லை.

தோட்டத்தில் மருத்துவர் வாதாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பட்டணத்தில் இன்னொரு வழக்கு நடந்து வந்தது. நம் பழைய கடைவீதிகளில் கடைக்கு முன்னே கூரையிட்ட நடைபாதை இருக்கிறதே, அஞ்சடி என்கிறோம், அதற்கு மூலம் 1822இல் சிங்கப்பூருக்காக ராபிள்ஸ் வகுத்த திட்டம். மக்கள் மழையிலும் வெயிலிலும் நடந்து போகட்டும் என்று விடப்பட்ட இடம் அது. கடைக்காரர்கள் அதைச் சரக்கு வைக்கும் இடமாக்கினர். 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி அஞ்சடியைக் காலி செய்ய முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலவரம் மூண்டது. நடக்க வழி விட்டு மிச்சத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற சமரசத்தில்தான் அது அடங்கியது. சரக்கை நகர்த்தச் சொன்னால் ஊரே கொதிக்கும் என்பதை ஆட்சியாளர் அப்போதே கற்றிருக்க வேண்டும். நூறாண்டு கழித்தும் நம் நகராண்மைக் கழக அதிகாரிகள் அஞ்சடியில் அதே பேரத்தைப் பேசி வந்தார்கள்.

நிலத்தையே வகை பிரித்து வைத்துவிட்டால் இந்தச் சண்டை வராது என்ற எண்ணம் மேல்நாடுகளில் வளர்ந்தது. நியூயார்க் நகரம் 1916இல் நகர் முழுவதற்குமான பகுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவுக்கு இந்தச் சிந்தனையைக் கொண்டுவந்தவர் சார்லஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்து, தென் ஆஸ்திரேலியாவில் நகரத் திட்டமிடுநராகப் பணியாற்றி, 1921இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு வந்தார். 1923இல் நகரத் திட்டச் சட்டம் பிறந்தது. நிலச் சொந்தக்காரர்களுக்கு அது கசந்தது. 1927இல் அதை மாற்றி எழுதினர். 1930இல் வந்த நகர வாரியச் சட்டம் திட்டமிடலைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகர வாரியத்தின் அதிகாரம் நகர எல்லைக்குள் மட்டுமே. சிரம்பான் கடைவீதிக்குப் பின்சந்து எவ்வளவு அகலம், பட்டறை எந்தத் தெருவில் என்றெல்லாம் வாரியம் பேசலாம். எல்லைக் கல்லைத் தாண்டியதும் தோட்டம் தொடங்கிவிடும், அங்கே வாரியத்துக்குப் பேச்சில்லை. மக்கள் தொகையில் சிற்றூரை ஒத்த தோட்டங்கள் பல இருந்தும், அவை சட்டத்தின் கண்ணில் ஊர் அல்ல, விளைநிலம்.

அவசரகாலம் இந்தத் தூரங்களை இன்னும் குறுக்கியது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின், சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலியிட்டனர். காவலுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதே அப்போதைய அளவுகோல். காட்டுக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக அரிசி இருப்புக்குக் கணக்கு, கடையில் விற்கும் தகர டப்பாவைத் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. சரக்குச் சேமிப்பே பாதுகாப்புப் பிரச்சினையாகிவிட்ட விந்தையான ஆண்டுகள் அவை. வேலி போனபின்னும் பல தோட்டங்களில் லயங்கள் கூட்டிய இடத்திலேயே நின்றுவிட்டன.

அடுத்து நிகழ்ந்தது தோட்டத் துண்டாடல். 1950களில் வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டு துண்டாக மறுவிற்பனை செய்தனர். உங்கு அசீஸ் அவர்கள் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை விரிவாக ஆராய்ந்து எழுதினார். வேலையும் வீடும் ஒருசேரப் போன தொழிலாளரின் நிலையைக் கண்டு, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை நாம் அறிவோம். தொடர்ச்சியாக 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாட அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1972இல் தேசிய நிலச் சட்டத்தில் சேர்ந்தது. துண்டாடல் என்றால் நமக்கு வேலையிழப்பே நினைவுக்கு வரும். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருந்த ஸ்டோரும் லயமும் இருவேறு பட்டாவில் விழுந்தன. அன்று முதல் அவை அண்டை வீட்டார்.

1966 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டம் நிலத்தை மூன்று வகையாகப் பிரித்தது: விவசாயம், கட்டடம், தொழில். சரக்கைச் சேமிப்பதும் ஏற்றி இறக்கி வழங்குவதும் அந்தச் சட்டத்தில் தொழில் வகையைச் சேர்ந்தவை. ஆக, மரம் வெட்டிய வெறும் தோட்ட நிலத்தில் இரும்புக் கடை ஒன்று பழைய இயந்திரங்களை அடுக்கினால், அது நிலத்தின் நிபந்தனைக்கு மாறான செயலாகும். ஆனால் அதே சட்டம் விவசாய நிலத்தில் விளைபொருளைப் பதப்படுத்தவும் சேமிக்கவும் கட்டடம் எழுப்பலாம், தொழிலாளருக்கு வீடும் கட்டலாம் என்கிறது. 40 எக்டருக்குக் குறையாத தோட்டமானால் தொழிலாளருக்கான மளிகைக் கடைக்கும் இடமுண்டு. புகைவீடு, ஒட்டுப்பால் குவியல், லயம், பங்களா எல்லாம் ஒரே வகையில் அடங்கிவிடுகின்றன. தோட்டத்துக்குள்ளே எது எதிலிருந்து எத்தனை அடி என்ற கேள்விக்கு நில வகை விடை தராது. வரைபடத்தில் முழுத் தோட்டமும் ஒரே நிறம்.

அந்த வேளையில் ரப்பர்த் தொழிலிலும் ஒரு திருப்பம். 1965இல் மலேசியத் தர ரப்பர் என்ற திட்டம் வந்தது. புகைத் தகடுகளின் இடத்தைக் கட்டி ரப்பர் பிடிக்கத் தொடங்கியது. முன்பு கழிவோடு சேர்த்து எண்ணப்பட்ட கட்டிப்பால் முக்கிய மூலப்பொருளாயிற்று. பல தோட்டங்களிலிருந்தும் சிறுதோட்டக்காரரிடமிருந்தும் லாரியில் வந்து ஓரிடத்தில் மலைபோல் குவிந்தது. தன் தோட்டத்து நாற்றத்தைத் தான் முகர்ந்த காலம் போய், பத்துத் தோட்டத்து நாற்றம் ஓர் ஆலையின் பக்கத்துக் குடியிருப்பில் வந்து சேர்ந்தது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1978இல் கச்சா ரப்பர் ஆலைகளுக்கு உரிமமும் கழிவுநீருக்கு வரம்பும் வந்தன. ஆற்றுக்கு அது நன்மை செய்தது. நாற்றத்தைக் குழாயில் பிடித்து அளக்க முடியாது ஆதலால், மூக்குக்கும் ஆலைக்கும் இடையிலான தகராறு தூரத்தால்தான் தீர வேண்டியிருந்தது.

1970களில் செனவாங் தொழிற்பேட்டையாகியது. 1990களில் நீலாயும் சிரம்பான் 2 என்னும் புதுநகரும் எழுந்தன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமான் வீடுகளில் குடியேறின. கடைவீட்டுக்குக் கீழே டயர்க் கடை, மேலே வாடகைக் குடித்தனம் என்பது சாதாரணமாயிற்று. இங்கே டயரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். வெட்டவெளியில் கிடக்கும் சரக்குகளில் மிகவும் வஞ்சகமானது அதுதான். எப்படிப் போட்டாலும் அதன் வளைவில் மழைநீர் தங்கும், வெயில் உள்ளே புகாது. ஏடிஸ் கொசுவின் முட்டை உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். 1962இல் பினாங்கில் இரத்தப்போக்கு டெங்கி முதன்முதலாகப் பதிவானது. 1973இல் நாட்டில் பெருந்தொற்று. 1975இல் நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. கொசு வளர இடம் கொடுப்பதையே குற்றமாக்கியது அது. ஆசியப் புலிக்கொசு 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குடியேறியிருப்பது தெரியவந்தபோதும், ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய டயர்களே அதன் வாகனம் என்று ஆய்வாளர் கண்டனர். கடல் கடக்கும் கொசுவுக்குப் பின்வேலி ஒரு பொருட்டா?

நெகிரி செம்பிலான் இதைவிடக் கடுமையான பாடத்தையும் கண்டது. அங்கே கிடந்தது சரக்கு அல்ல, கால்நடை. ஆனால் வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்ற கேள்வி அதேதான். 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், பன்றிகளை விற்று வாங்கும்போது தெற்கே வந்து, போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா சிற்றூர்களைத் தாக்கியது. முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணிப் புகையடித்தனர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங் கண்டெடுத்தது புதிய கிருமி. சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. நாட்டில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவால் வரும் பழமரம், அதன் கீழே தொழுவம், தொழுவத்தை ஒட்டி மனிதர் வீடு என்று மூன்றும் நெருங்கி நின்றதே வினையாயிற்று. அதன்பின் பன்றி வளர்ப்புக்கென்று தனி வட்டாரம் என்பது அரசுக் கொள்கையாயிற்று.

இனி, இன்றைய சட்டத்தில் நமக்கு உள்ள இடம் என்ன என்று பார்ப்போம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அஞ்சடியையும் பொது வழியையும் பொருள் வைத்து மறிப்பதைக் குற்றமாக்குகிறது. அது தெருவுக்கு. நிலத்துக்கு, 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம். பெயரிலேயே கிராமம் வந்துவிட்டது. எல்லைக் கல்லோடு நின்ற திட்டமிடல் தோட்டத்துக்குள்ளும் நுழைய அது வழி செய்தது. சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இணைந்து 2020 சனவரி முதல் நாள் சிரம்பான் மாநகர் மன்றமாயின. முன்பு தோட்டமாயிருந்த பல நிலங்களின் வகையை முடிவு செய்யும் திட்டங்கள் இப்போது அந்த மன்றத்தின் கையில் இருக்கின்றன.

அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அண்டை நிலத்தாருக்கு ஓர் உரிமை தருகிறது. பக்கத்து நிலத்தில் புதிய கட்டுமானமோ பயன் மாற்றமோ வருமானால், மன்றம் அவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். 21 நாளுக்குள் அவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஒட்டிய நிலம் மட்டுமன்று, 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ வடிகாலோ இடையில் இருந்தாலும் அண்டை நிலமே.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடிதம் போவது நில உரிமையாளருக்கு. விற்கப்பட்ட தோட்டத்தின் லயத்தில் நாற்பதாண்டு இருந்தவர் அந்தக் கணக்கில் உரிமையாளர் அல்லர். கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவரும் அல்லர். கட்டிப்பால் குவியலுக்கும் டயர் அடுக்குக்கும் மிக அருகே வாழ்ந்தவர்கள் யாரோ, அவர்களைக் கேட்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போயிற்று. துரை காலத்தில் வாய் திறக்க முடியவில்லை, சட்டக் காலத்தில் கடிதம் வரவில்லை. சட்டம் எழுதியவர்கள் தீய எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நிலம் உள்ளவனே அண்டை வீட்டான் என்ற பழைய வழக்கம் அப்படியே புதுச் சட்டத்தில் ஏறிவிட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தப் பிரிவு கடிதம் அனுப்பச் சொல்வது, அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் என்ற வரைபடம் இன்னும் இல்லாதபோதுதான். திட்டம் அரசிதழில் ஏறி நடப்புக்கு வந்துவிட்டால், நிலத்தின் நிறம் அங்கேயே தீர்மானமாகிவிட்டது என்று பொருள். பின்னர் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அண்டை நிலத்தாரைக் கேட்க வேண்டிய தேவை அந்தப் பிரிவின்படி இல்லை. வேலிக்கு அப்பால் லாரி வந்து சரக்கை இறக்கிய பிறகு புகார் எழுதுகிறவர்களுக்கு, அந்த நிலம் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே தொழில் வட்டாரமாக வரையப்பட்டுவிட்டது என்ற பதில் வருவது இதனால்தான்.

எனவே பேச வேண்டிய வேளை திட்டம் வரைவாக இருக்கும் வேளை. அப்போது மாநகர் மன்றம் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அதற்கு எதிர்ப்போ கருத்தோ சொல்லச் சட்டம் நிலப்பட்டா கேட்பதில்லை. வாடகைக்காரரும் சொல்லலாம், லயத்துக்காரரும் சொல்லலாம், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் எழுதிக் கொடுக்கலாம். அறிவிப்பு தேசிய மொழி நாளேட்டில் வெளிவரும். கருத்துச் சொல்லும் தவணை குறைந்தது நான்கு வாரம்.